சிங்கை – சென்னை: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

சிங்கப்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "நாலு மணி நேரம்" என்றுதான் பதில் சொல்வோம். கேட்டது தூரத்தை, சொன்னது நேரத்தை. ஆயினும் கேட்டவர் குறை சொல்வதில்லை. அவருக்கும் வேண்டியது அதுதான்.

ஆனால் பயணச்சீட்டை எடுத்துப் பார்த்தால் குழப்பம் தொடங்குகிறது. இரவு 8.00 மணிக்குப் புறப்படும் விமானம் 9.40க்குச் சென்னையில் இறங்குகிறது. போகும்போது ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை போலும்! திரும்பும்போது இரவு 11.00 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலை 5.50க்குச் சாங்கியில் இறங்குகிறோம். ஏறக்குறைய ஏழு மணி நேரம்! இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன அட்டவணை என்றாலும், இவ்வழியில் பறந்தவர்கள் இதுபோன்ற எண்களைப் பார்த்திருப்பார்கள். அதே கடல், அதே வானம், அதே வகை விமானம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? உண்மையான தூரம் எவ்வளவு? உண்மையான நேரம் எவ்வளவு? இவற்றை நாமே கணக்கிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். உயர்நிலைப்பள்ளிக் கணிதமும் ஒரு கணிப்பானும் போதும்.

உருண்டையின் மேல் ஒரு நேர்க்கோடு

உலகப்படத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது குறுகிய வழி ஆகிவிடாது. பூமி உருண்டையானது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, ஒரு நூலை இரண்டுக்கும் இடையே இறுக்கிப் பிடித்தால் அந்த நூல் படியும் வழிதான் குறுகிய வழி. அந்த நூலை அப்படியே நீட்டிப் பழத்தைச் சுற்றி வந்தால், அது பழத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டமாக அமையும். இதைப் பெருவட்டம் என்பர். விமான நிலையங்களுக்கிடையே இத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணைகள் தரும் எண், பெரும்பாலும் இந்தப் பெருவட்டத் தூரமே.

இதைக் கணக்கிட நான்கு எண்கள் வேண்டும். சாங்கி விமான நிலையம் வட அட்சரேகை 1.36 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 103.99 பாகையிலும் இருக்கிறது. சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 12.99 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80.18 பாகையிலும் இருக்கிறது. இரண்டு தீர்க்கரேகைகளுக்கும் உள்ள வேறுபாடு 23.81 பாகை.

இனிச் சூத்திரம். பூமியின் மையத்தில் நின்று ஒரு கையால் சாங்கியையும் மறுகையால் சென்னையையும் சுட்டுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரு கைகளுக்கும் இடையே உள்ள கோணத்தைத்தான் தேடுகிறோம். அந்தக் கோணத்தின் கொசைன் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை.

முதற்பகுதி: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்க வேண்டும்.
0.02373 × 0.22478 = 0.00533

இரண்டாம் பகுதி: இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்க வேண்டும்.
0.99972 × 0.97441 × 0.91489 = 0.89122

கூட்டினால் 0.89655 வருகிறது. இந்தக் கொசைன் மதிப்புக்குரிய கோணம் 26.29 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. எனக் கொண்டால், பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. ஆகவே,

26.29 × 111.2 = 2,923 கி.மீ.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் சில கிலோமீட்டர் கூடக்குறைய வரலாம். ஏறக்குறைய 2,920 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். எனவே 26.29ஐ 60ஆல் பெருக்கினால் போதும்: 1,577 கடல் மைல்.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு சாங்கியிலிருந்து சென்னை வரை போனால் எவ்வளவு கூடுதலாகும் என்று கணக்கிட்டால், வேறுபாடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே காரணம். வடக்கே போகப் போகத்தான் உலகப்படம் நம்மை ஏமாற்றும். சிங்கப்பூர் – நியூயார்க் குறுகிய வழி ஏறக்குறைய வடதுருவத்தை ஒட்டிப் போகிறது என்றால், படத்தை மட்டும் பார்த்தவர் நம்பமாட்டார்.

அந்தக் கோடு எந்த வழியாகப் போகிறது?

நமது பெருவட்டக் கோட்டை வரைபடத்தில் பின்தொடர்ந்தால், அது சாங்கியிலிருந்து வடமேற்கும் மேற்கும் கலந்த திசையில் கிளம்பி, மலாக்கா நீரிணைப் பக்கமாகச் சென்று, சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சேயை ஒட்டிக் கடக்கிறது. பிறகு கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையான இந்திரா முனைக்குச் சற்றுத் தெற்கே நழுவி, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து சென்னையை அடைகிறது.

சுமத்ராவுக்கும் நிக்கோபாருக்கும் இடைப்பட்ட அந்தக் கடல்வாயில்தான் மலாக்கா நீரிணைக்கு மேற்கிலிருந்து வரும் கப்பல்களுக்கும் வழி. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது படையெடுத்த இராசேந்திர சோழனின் கடற்படை கடந்ததும் இதே வங்கக் கடல்தான்.

ஆனால் உண்மையில் பறக்கும் விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போவதில்லை. வானத்திலும் பெயரிடப்பட்ட வழித்தடங்கள் உண்டு. நடுக்கடலில் கரையோர ரேடார்கள் எட்டாத பகுதியில், விமானங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி விடப்படுகிறது. இறங்கும் ஓடுபாதையின் திசை, மழைமேகம், முன்னே வரிசையில் நிற்கும் விமானங்கள் என்று எல்லாம் சேர்ந்து வழியை வளைக்கும். ஆகவே பறக்கும் தூரம் 2,920 கி.மீ.யைவிடச் சில விழுக்காடு கூடுதலாகவே இருக்கும்.

தூரத்தை நேரமாக்குவது

இவ்வழியில் பறக்கும் நடுத்தர விமானங்கள் உயரத்தை எட்டியபின் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் செல்லும். 2,920ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 31 நிமிடம் வருகிறது. ஆனால் அட்டவணையில் 4 மணிக்கு மேல் போட்டிருக்கிறார்களே?

அட்டவணை நேரம் என்பது விமானம் புறப்படும் வாயிலை விட்டு நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரம். இரண்டு முனைகளிலும் தரையில் ஊர்ந்து செல்ல 20 நிமிடம், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் 10 நிமிடம், வழி வளைவதால் 6 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 4 மணி 7 நிமிடம். நாம் வாய்வழக்கில் சொல்லும் "நாலு மணி நேரம்" இப்படித்தான் வருகிறது.

இந்த நிலையான செலவு குறுகிய பயணத்தில்தான் கனமாகத் தெரியும். சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் ஏறத்தாழ 15,300 கி.மீ.; அதாவது சென்னையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். நேரமோ 18 மணிக்குச் சற்று மேல். ஏறக்குறைய நான்கரை மடங்குதான். ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் ஒரே முறைதான் என்பது ஒரு காரணம். நெடுந்தூர விமானம் சற்று வேகமாகப் பறப்பது மற்றொன்று.

காற்றின் கணக்கு

விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. காற்றே நகர்ந்தால் விமானமும் சேர்ந்து நகரும். மணிக்கு 60 கி.மீ. காற்று கிழக்கிலிருந்து வீசுவதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போகும்போது தரைவேகம் 890. நேரம் 3 மணி 17 நிமிடம். திரும்பும்போது தரைவேகம் 770. நேரம் 3 மணி 47 நிமிடத்துக்குச் சற்று மேல். போகும்போது 14 நிமிடம் மிச்சம். வரும்போது 16 நிமிடத்துக்கு மேல் நட்டம். ஒரே காற்றுதான், ஆனால் லாபமும் நட்டமும் சமமாவதில்லை. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் பறப்பதால், அந்தக் காற்றின் தடையையும் அதிக நேரம் தாங்கவேண்டியுள்ளது.

இந்தக் கிழக்குக் காற்று வெறும் கற்பனை அன்று. சூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இதை வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பர். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம். இதன் நடுப்பகுதி விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே உள்ளது. எனினும் அதன் கீழ்ப்பகுதி 11, 12 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானங்களையும் தொடும்.

அதே மாதங்களில் கடல்மட்டத்தில் வீசுவதோ தென்மேற்குப் பருவக்காற்று. பாய்மரக் கப்பல்களைக் கிழக்கு நோக்கித் தள்ளிய காற்று அது. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திரும்ப அழைத்துச் சென்றது. கீழே ஒரு திசை, மேலே எதிர்த்திசை. பழைய மாலுமிக்குத் துணையான மாதங்களில் இன்றைய விமானி சிங்கப்பூர் திரும்பும்போது எதிர்காற்றைச் சந்திக்கிறார்.

குறுகிய வழியே விரைவான வழி என்பதும் எப்போதும் உண்மையன்று. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம், பல நாட்களில் துருவ வழியை விட்டுவிட்டுப் பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிப் போகிறது. அங்கே மேற்கிலிருந்து வீசும் தாரைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், கூடுதல் தூரம் பறந்தும் நேரம் மிச்சமாகிறது.

கடிகாரம் செய்யும் மாயம்

இப்போது தொடக்கத்தில் கண்ட குழப்பத்துக்கு வருவோம். சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட 8 மணி முந்தியது. இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. வேறுபாடு இரண்டரை மணி. இரவு 8.00க்குப் புறப்பட்டு 4 மணி 10 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் நள்ளிரவு 12.10. இரண்டரை மணியைக் கழித்தால் சென்னையில் 9.40. திரும்பும்போது சென்னையில் 11.00 என்றால் சிங்கப்பூரில் 1.30. அதோடு 4 மணி 20 நிமிடத்தைக் கூட்டினால் 5.50.

ஆனால் சூரியனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. 23.81 பாகைக்கு 95 நிமிடம். அதாவது இரண்டு ஊர்களின் சூரிய நேரத்துக்கும் உண்மையில் 1 மணி 35 நிமிடமே வேறுபாடு. மீதி 55 நிமிடம் மனிதர் ஏற்படுத்தியது.

அது எப்படி வந்தது? சென்னைக்கென்று தனி நேரம் ஒன்று இருந்தது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தை வைத்துக் கணிக்கப்பட்ட அது, கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906இல் இந்தியா முழுமைக்கும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய பொது நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரம் சூரியனைவிட 9 நிமிடம் முந்திக்கொண்டது. சிங்கப்பூரிலோ சூரியக் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 6 மணி 56 நிமிடமே முந்தியிருக்க வேண்டும். 1982 சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்குடன் ஒன்றானபோது, சிங்கப்பூரும் ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியது. அதனால் நம் கடிகாரம் சூரியனைவிட 64 நிமிடம் முந்தி ஓடுகிறது. 64இலிருந்து 9ஐக் கழித்தால் 55. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

நேரமண்டலமே தெரியாமல் உண்மைப் பயண நேரத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. போகும்போது கடிகாரம் காட்டும் நேரம் 1 மணி 40 நிமிடம். வரும்போது 6 மணி 50 நிமிடம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4 மணி 15 நிமிடம். இதுதான் சராசரி உண்மை நேரம். ஒருபுறம் கழிந்ததும் மறுபுறம் கூடியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடுகின்றன. வேறுபாட்டை இரண்டால் வகுத்தால் 2 மணி 35 நிமிடம். ஏறக்குறைய இரண்டு ஊர் கடிகாரங்களுக்கும் உள்ள இடைவெளி. மிஞ்சிய 5 நிமிடம், போகவும் வரவும் ஆகும் நேரத்தில் உள்ள 10 நிமிட வேறுபாட்டின் பாதி.

முகம் பார்க்கும் தூரம்

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் குடும்பங்களில் இத்தூரம் கிலோமீட்டரில் அளக்கப்பட்டதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலும், 1970களில் அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பலும் நம் பாட்டன் பாட்டிமார் பலரைச் சுமந்து வந்தவை. மணிக்கு 12 கடல் மைல் செல்லும் கப்பல் 1,577 கடல் மைலை எங்கும் நிற்காமல் கடந்தாலே ஐந்தரை நாள் ஆகும். நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று நின்று வந்ததால் பயணம் ஏறக்குறைய ஒரு வாரம் நீண்டது. அதற்கு முன் கப்பல் புறப்படும் நாள் வரை காத்திருக்கவும் வேண்டும். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் பலியானபின், அந்தப் பயணச் சேவை முடிவுக்கு வந்தது.

ஊரில் தாய் இறந்தால் தந்தி சீக்கிரம் வந்துவிடும். ஆனால் கப்பல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விரைந்து கிளம்பினாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு எட்டிப் பிடிக்கலாம். முகம் பார்க்க முடியாது. பெற்றோரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது கப்பலேறிய நாளில்தான் என்று சொல்லும் முதியவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்கு 2,920 கி.மீ. என்பது திரும்பிப் பார்க்க முடியாத தூரம். நமக்கு அது ஒரு மாலைப்பொழுது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை; நேரம்தான் சுருங்கியது.

ஆயினும் இன்றும் கணக்கைத் தவறாகப் போட்டால் முகம் பார்க்கத் தவறிவிடலாம். தஞ்சாவூருக்கு அவசரமாகப் போகவேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னைதான் அருகில் என்று அங்கே இறங்கினால், பிறகு சாலையில் ஏறத்தாழ 340 கி.மீ.; ஆறு ஏழு மணி நேரம். திருச்சிராப்பள்ளி விமான நிலையமோ (வட அட்சரேகை 10.77, கிழக்குத் தீர்க்கரேகை 78.71) பெருவட்டக் கணக்கில் சாங்கியிலிருந்து 2,980 கி.மீ.; சென்னையைவிட 60 கி.மீ. கூடுதல். வானத்தில் அந்த 60 கி.மீ. நான்கைந்து நிமிடம்தான். அங்கிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். நான்கைந்து நிமிடத்தைக் கொடுத்து ஐந்து மணி நேரத்தை மீட்கலாம். ஆனால் திருச்சிக்கு விமானம் நாளைதான், சென்னைக்கு இன்றிரவே என்றால் கணக்கு மாறும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்க்கவேண்டும். மேலும், சிங்கப்பூர்க் குடிமக்கள் இந்தியா செல்ல விசா வேண்டும். அது கையில் இல்லாதவருக்கு நான்கு மணி நேரம் நாட்களாக நீண்டுவிடும். வயதான உறவினர் ஊரில் இருப்பவர்கள், விசாவின் காலாவதித் தேதியை அவ்வப்போது பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சி

1. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் வட அட்சரேகை 2.75, கிழக்குத் தீர்க்கரேகை 101.71 பாகையில் உள்ளது. அங்கிருந்து சென்னைக்குப் பெருவட்டத் தூரம் எவ்வளவு? (விடை: சுமார் 2,630 கி.மீ.)

2. கோலாலம்பூரிலிருந்து காலை 9.30க்குப் புறப்படும் விமானம் சென்னையில் 10.45க்கு இறங்குகிறது. சென்னையில் 11.45க்குப் புறப்பட்டு மாலை 6.15க்குக் கோலாலம்பூர் திரும்புகிறது. சராசரிப் பயண நேரம் என்ன? (விடை: சுமார் 3 மணி 53 நிமிடம்.)

3. உங்கள் குடும்பத்தில் கடல் கடந்து முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எத்தனை நாளில் வந்தார்? வந்தபின் எத்தனை முறை ஊருக்குத் திரும்பிப் போனார்?

மூன்றாவது வினாவுக்கு இங்கே விடை தர இயலாது. அதை அறிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.